ஊறல் தண்ணீரும் பசி தாங்கும் பற்றீரியாவும்: வன்னி அரிசி ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வன்னியில் புழுங்கல் அரிசி ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அறுவடை முடிந்த சில நாட்களிலேயே ஒரு நாற்றம் பழகிவிடும். புளித்த மாவும் அழுகிய முட்டையும் கலந்த நாற்றம் அது. சிறுபோக நெல் வரும் ஆவணி, புரட்டாதியில் சோளகம் வீசும்போது ஆலைக்கு வடகிழக்கே உள்ள வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். இந்த நாற்றத்தோடு வாழத்தான் வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லக்கூடாது. வாழ வேண்டியதில்லை என்பதைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

ஆய்வுக்கு எடுத்த ஆலை கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து வாய்க்கால்கள் ஓடும் பரப்புக்குள் இருக்கிறது. நடுத்தர ஆலை. அறுவடைக் காலத்தில் நாளுக்கு ஏறத்தாழ 4 தொன் நெல் ஊறப்போடுவார்கள். மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பு நெல்லும் வரும், வெள்ளை நெல்லும் வரும். சீமெந்துத் தொட்டிகளில் பச்சைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறும். பிறகு நீராவியில் புழுக்கி, களத்தில் காயவைத்து, குற்றி மூட்டையாக்குவார்கள். ஊறல் தண்ணீர் பின்பக்கக் கிடங்கு ஒன்றுக்குள் போகும். கிடங்கு நிறைந்தால் வழிந்து கழிவு வாய்க்காலில் இறங்கும். அங்கேதான் எல்லாப் பிரச்சினையும் தொடங்கியது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தம்பி, மணத்தைக் கூடப் பொறுக்கலாம். கிணத்துத் தண்ணி மஞ்சளடிக்குது. வெள்ளைத் துணி தோய்ச்சா துரு பிடிச்ச மாதிரி வருது. ஆரிட்டப் போய்ச் சொல்ல?" ஆலைக்காரரும் ஊருக்குக் கேடு செய்யும் மனிதர் அல்லர். போரில் எல்லாம் இழந்து, மீள்குடியேறி, கடன்பட்டு ஆலையைத் திரும்ப நிமிர்த்தியவர். தண்ணீரை என்ன செய்வது என்பது அவருக்கும் தெரியாத விஷயமாக இருந்தது. அதற்கு வழி தேடத்தான் நாங்கள் அங்கே போனோம்.

ஊறல் தண்ணீருக்குள் இருப்பது

ஒரு கிலோ நெல்லை ஊறவைக்க ஒரு லீற்றருக்குச் சற்று மேல் தண்ணீர் வேண்டும். அதில் ஒரு பங்கை நெல் இழுத்துக்கொள்ளும். கழுவும் தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் கழிவாக வெளியே வரும். அப்படியென்றால் இந்த ஆலைக்கு நாளுக்கு 4000 லீற்றர்.

இந்தத் தண்ணீரில் நஞ்சு எதுவும் இல்லை. நெல்லிலிருந்து கரைந்த வெல்லங்கள், மாப்பொருள், கொஞ்சம் புரதம், தவிட்டிலிருந்து வந்த பொசுபரசு, உமியின் நிறச்சத்து, கொஞ்சம் மண். எல்லாம் சாப்பாட்டுச் சாமான். அது அளவுக்கு மீறிப் போவதுதான் கேடு. அளவைச் சொல்ல இரண்டு எண்கள் உண்டு. கழிவை இரசாயன முறையில் முழுமையாக ஒட்சியேற்ற எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்பது சி.ஓ.டி. பற்றீரியாக்கள் அதைத் தின்றுமுடிக்க 5 நாளில் எவ்வளவு ஒட்சிசன் எடுக்கும் என்பது பி.ஓ.டி. புழுங்கல் ஆலைக் கழிவுநீரின் சி.ஓ.டி. பெரும்பாலும் லீற்றருக்கு 1000 முதல் 5000 மில்லிகிராம் வரை இருக்கும். இந்த ஆலைக்கு 3000 என்று வைத்துக் கணக்குப் போட்டோம். பி.ஓ.டி. அதில் பாதி, 1500.

இப்போது வாய்க்காலைப் பாருங்கள். 30 பாகை வெப்பத்தில் இருக்கும் நல்ல தண்ணீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசன்தான் கரைந்திருக்கும். ஒரு லீற்றர் ஊறல் தண்ணீர் 200 லீற்றர் வாய்க்கால் தண்ணீரின் ஒட்சிசன் முழுவதையும் குடித்துவிடும். 4000 லீற்றருக்கு 8 இலட்சம் லீற்றர். காற்றிலிருந்து புது ஒட்சிசன் கரைந்துகொண்டே இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வேனிலில் மெல்ல ஊரும் வாய்க்காலில் அது போதாது. மீன் மிதப்பதற்கும் கற்களில் சாம்பல் நிறத்தில் நாடா நாடாவாகப் பாசி போன்ற ஒன்று படிவதற்கும் காரணம் இதுதான். அது பாசியும் அல்ல, இழையாக வளரும் பற்றீரியாக் கூட்டம்.

கிணறு மஞ்சளானதற்கும் இதே கதைதான். கிடங்கிலிருந்து ஊறி இறங்கிய தண்ணீர் நிலத்துக்குள் இருந்த ஒட்சிசனை முடித்தது. ஒட்சிசன் தீர்ந்தால் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் இரும்பைக் கரைக்கத் தொடங்கும். வன்னியின் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. கரைந்த இரும்பு கிணற்றுக்கு வந்து, காற்றுப் பட்டதும் துருவாக மாறித் துணியில் ஏறுகிறது.

போத்தலில் வந்த பற்றீரியா

நாங்கள் போவதற்கு முன்பே ஆலைக்காரர் ஒரு முயற்சி செய்திருந்தார். கழிவைத் தின்னும் நுண்ணுயிர் என்று விற்ற திரவத்தை வாங்கி, ஒரு போகம் முழுவதும் கிடங்குக்குள் ஊற்றினார். நாற்றம் குறையவில்லை. "பற்றீரியா சரிவராது தம்பி" என்ற முடிவோடுதான் எங்களோடு பேசத் தொடங்கினார்.

அவருடைய கிடங்கில் பற்றீரியாவுக்குக் குறையே இல்லை. கரண்டியளவு சேற்றில் கோடிக்கணக்கில் இருந்தன. அந்த நாற்றமே அவை வேலை செய்வதால் வருவது, வேலை பாதியில் நிற்பதால் வருவது. ஊறல் தொட்டியிலேயே இலற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் வெல்லத்தை அமிலமாக்கிவிடுகின்றன. தொட்டியைத் திறக்கும்போதே தண்ணீரின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; 7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4க்கும் 5க்கும் இடையில் நிற்கும். கிடங்கில் இன்னும் பல வகைப் பற்றீரியாக்கள் சேர்ந்து புரதத்தையும் மாப்பொருளையும் உடைத்து மேலும் அமிலங்களையும், அழுகிய முட்டை போல நாறும் ஐதரசன் சல்பைட்டு வாயுவையும் உண்டாக்கும். அதற்கு மேல் போக வழியில்லை. அந்த அமிலத்தைத் தின்று மெதேன் வாயுவாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்ற வேண்டிய உயிர்களுக்கு பி.எச். 6.8இலிருந்து 7.4 வரை வேண்டும். 6.5க்குக் கீழே போனால் அவை ஓய்ந்துவிடும். அத்தோடு கிடங்கில் தண்ணீர் சில மணித்தியாலம்தான் தங்கியது. புளித்த தண்ணீருக்குள் எத்தனை போத்தல் ஊற்றினாலும் உள்ளே போனவை தங்கிப் பெருக முடியாது.

மெதேன் உண்டாக்கும் இந்த உயிர்கள் சரியாகச் சொன்னால் பற்றீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் கூட்டம். 1977இல் அமெரிக்க அறிவியலாளர் கார்ல் வூஸ் அவற்றை வேறாகப் பிரித்துக் காட்டினார். ஆலைக்காரருக்கு அந்தப் பிரிவு முக்கியமில்லை, அவற்றின் வேகம்தான் முக்கியம். அமிலம் ஆக்குபவை சில மணித்தியாலத்தில் இரட்டிப்பாகும். மெதேன் ஆக்குபவற்றுக்குப் பல நாட்கள் எடுக்கும். வயலில் இருபது பேர் அறுத்துக் குவிக்க, களத்துக்குச் சுமக்க இரண்டே பேர் இருந்தால் கதிர் மழையில் நனைந்துதானே போகும்? அறுப்பவர்களை மட்டுப்படுத்தி, சுமப்பவர்களைப் பெருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியை வடிவமைப்பதென்றால் முக்கால்வாசி வேலை இதுதான்.

ஆகவே பற்றீரியாவை விலைக்கு வாங்கத் தேவையில்லை. இருப்பதற்கு இடமும் நேரமும் அமிலம் இல்லாத சூழலும் ஒழுங்கான சாப்பாடும் கொடுக்க வேண்டும். ஒழுங்கான சாப்பாடு என்ற இடத்தில்தான் வன்னி மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகிறது.

போகத்துக்குப் போகம் வரும் பசி

1902இல் தொடங்கி 1921இல் கட்டி முடித்த இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கு மேல் விதைக்கலாம். சிறுபோகத்தில் குளத்தில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று பார்த்து, கூட்டம் வைத்து, பங்கு பிரித்து ஒரு பகுதியைத்தான் விதைப்பார்கள். மழை பிழைத்த ஆண்டில் அதுவும் இல்லை. ஆலையின் வேலையும் அப்படித்தான். மாசி, பங்குனியில் இரவு பகலாக ஓடும். களஞ்சியத்து நெல் தீரத் தீரக் குறையும். பிறகு சில மாதம் கிழமைக்கு ஒருநாள் கூட ஊறல் இருக்காது.

காற்றூட்டித் தண்ணீர் சுத்தம் செய்யும் முறை உலகெங்கும் பேர்போனது. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டேனும் லொக்கெட்டும் விவரித்த உயிர்ப்புச் சேற்று முறை இன்றும் பெருநகரங்களின் முதுகெலும்பு. இந்த ஆலைக்கும் யாரோ அதைத்தான் முதலில் பரிந்துரைத்திருந்தார்கள். இங்கே அது பொருந்தாது என்று நாங்கள் உறுதியாகச் சொன்னோம். காற்றில் வாழும் பற்றீரியாக்கள் சாப்பாடு நின்றால் தங்கள் உடலையே எரித்து வாழும். சில கிழமைகளில், பற்றீரியாக் கூட்டமான அந்தச் சேற்றில் பெரும்பகுதி செத்துவிடும். அடுத்த போகத்துக்கு முதலிலிருந்து வளர்க்க வேண்டும். மின்சாரமும் தொடர்ந்து வேண்டும். ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு ஏறத்தாழ ஒரு யூனிற் என்று வைத்தால் இந்த ஆலையின் 12 கிலோவுக்கு நாளுக்கு 12 யூனிற். 2022 பங்குனி முடிவில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டப்பட்டது யாருக்கும் மறந்திருக்காது. அத்தனை நேரம் காற்று நின்றால் அந்தச் சேறே அழுகி நாறத் தொடங்கும்.

காற்றில்லாத இடத்தில் வாழும் கூட்டமோ பசி தாங்கும். மெல்ல வளர்வதால் மெல்லவே சாகும். மாதக்கணக்கில் ஒன்றும் கொடுக்காமல் விட்டாலும், தொட்டி வற்றாமல் இருந்தால், திரும்பச் சாப்பாடு வரும்போது ஒரு சில கிழமையில் வேலைக்கு வந்துவிடும். காற்றூட்ட மின்சாரம் வேண்டாம். சேறும் குறைவு. காற்றூட்டினால் தின்றதில் கிட்டத்தட்டப் பாதி சேறாகப் பெருகும். காற்றில்லாமல் அது பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழ். வன்னியின் வெப்பமும் கைகொடுக்கிறது. குளிர் நாடுகளில் இந்தத் தொட்டியைச் சூடாக்கக் காசு செலவழிக்கிறார்கள். இங்கே வெயில் இலவசம். மார்கழி, தையில் கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான்.

கட்டியது

தொட்டி கட்டுவதற்கு முன் ஆலைக்குள்ளேயே இரண்டு மாற்றம். முதலாவது, ஊறல் வாசலில் கம்பி வலை போட்டு, சப்பி நெல்லும் உமியும் தண்ணீரோடு போகாமல் தடுத்தது. சின்ன வேலை, பெரிய பலன். இரண்டாவது, இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் ஊறலை வெந்நீர் ஊறலாக மாற்றியது. 65 முதல் 70 பாகைத் தண்ணீரில் நான்கைந்து மணித்தியாலத்தில் நெல் ஊறிவிடும். அந்தச் சூட்டில் புளிக்கவைக்கும் பற்றீரியாக்கள் பெரும்பாலும் பிழைக்காது, ஆகவே நாற்றத்தில் பாதி தொட்டியிலேயே நின்றுவிடும். விறகுச் செலவு பற்றி ஆலைக்காரர் கவலைப்பட்டார். கணக்குப் பார்த்தோம். 4 தொன் நெல்லையும் அதன் தண்ணீரையும் 30 பாகையிலிருந்து 70க்கு ஏற்ற, அடுப்பு பாதித் திறனில் எரிந்தாலும், 150 கிலோவை ஒட்டிய உமி போதும். 4 தொன் நெல்லில் உமியே 800 கிலோ வரும். நீராவிக்கும் கொடுத்து மிஞ்சும். சூடு 75ஐத் தாண்டினால் நெல் வாய் திறந்துவிடும், அரிசியின் நிறமும் கறுக்கும், ஆகவே வெப்பமானி ஒன்று கட்டாயம். வெள்ளை நெல்லுக்கு நிறம் மாறுகிறதென்று சில வாடிக்கையாளர் சொன்னதால் ஒரு பகுதி இன்னும் பழைய முறையில்தான் ஊறுகிறது. அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆலை உழைத்தால்தான் தொட்டியையும் பராமரிக்க முடியும்.

அதன் பிறகு தொட்டிகள். முதலில் ஒரு நாள் தண்ணீர் முழுவதையும் ஏந்தும் சமன்தாங்கி. ஊறல் தொட்டியைத் திறந்தால் 4000 லீற்றரும் அரை மணித்தியாலத்தில் பாய்ந்து வரும். உயிர்களுக்கு அது வெள்ளம். சமன்தாங்கியிலிருந்து ஒரு சிறிய வால்வு வழியாக 24 மணித்தியாலமும் சீராக இறங்கவிட்டோம். வெந்நீர் ஆறுவதற்கும் இந்த இடம் உதவியது. இந்தத் தொட்டியை வீண்செலவு என்று நினைத்து வெட்டிவிடும் ஆலைகள்தான் பிறகு பற்றீரியாவைக் குறை சொல்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது தடுப்புச் சுவர்த் தாங்கி, 12 கனமீற்றர், நான்கு அறை. தண்ணீர் ஒவ்வொரு சுவருக்கும் அடியால் நுழைந்து, அடிச்சேற்றின் ஊடாக மேலேறி, அடுத்த அறைக்கு வழியும். 1980களில் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் மக்கார்ட்டியின் குழு வளர்த்தெடுத்த முறை இது. அசையும் உறுப்பு ஒன்றும் இல்லை, ஊர் மேசனே கட்டலாம். புளிப்பு முழுவதையும் முதல் அறை தாங்கிக்கொள்ளும், மெல்ல வளரும் மெதேன் கூட்டம் பின் அறைகளில் பாதுகாப்பாக இருக்கும். கடைசி அறையில் கருங்கல் சல்லி நிரப்பினோம், உயிர்கள் ஒட்டிக்கொள்ள. தண்ணீர் இதற்குள் மூன்று நாள் தங்கும். கனமீற்றருக்கு நாளுக்கு ஒரு கிலோ சி.ஓ.டி. என்பது மிதமான சுமை. கூட்டிக் கொடுக்கலாம் என்றாலும் கொடுக்கவில்லை, ஏனென்றால் அறுவடைக் காலத்தில் 4 தொன் 6 தொன் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

உட்புறப் பூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமிலமும் ஐதரசன் சல்பைட்டும் சாதாரண சீமெந்தை அரித்துவிடும். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பகுதிதான் முதலில் உதிரும். அங்கே எப்பொக்சிப் பூச்சுக்குச் செலவழித்தது சரியான செலவு.

கடைசியாகச் சம்பு நட்ட சல்லிப் படுக்கை, ஏறத்தாழ 8 பேர்ச் நிலம். குளத்துக் கரையில் பிடுங்கிய சம்பு. வேர்களைச் சுற்றியும் கல்லின் மேலும் காற்றில் வாழும் பற்றீரியாக்கள் படலமாகப் படிந்து, மிச்சக் கழிவைத் தின்னும். யாழ்ப்பாணத்தில் இவ்வளவு நிலம் கேட்டால் சிரிப்பார்கள், வன்னியில் ஆலைக்குப் பின்னால் பற்றைக் காணி கிடந்தது.

தொடக்கம்

விதைச்சேறுக்கு மாட்டுச்சாணம். பட்டி மாடு நிறைந்த இடத்தில் அதற்கு அலையத் தேவையில்லை. மாட்டின் இரைப்பையில் மெதேன் கூட்டம் ஏற்கெனவே குடியிருப்பதால் புதுச் சாணத்திலும் அது உண்டு. கரைத்து, வைக்கோல் துண்டுகளை வடித்து, தாங்கியில் மூன்றில் ஒரு பங்குக்கு ஊற்றினோம். வேலை செய்யும் உயிர்வாயு (பயோகாஸ்) கலன் ஒன்றிலிருந்து ஒரு பவுசர் சேறு கிடைத்தது, அது சாணத்தைவிட நல்ல விதை.

காலபோக அறுவடைக்குக் காத்திருக்காமல், சிறுபோக நெல் குற்றும் காலத்திலேயே தொடங்கினோம். அறுவடை உச்சத்தில் தொடங்குவது தோற்பதற்கான வழி. முதலில் முழுச் சுமையில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே விட்டோம், மீதி வேறாகச் சேமித்து உமிச் சாம்பலில் கலக்கப்பட்டது. கிழமைக்கு ஒருமுறை நான்கு அறையின் பி.எச். பார்ப்போம். கடைசி இரண்டு அறையும் 6.8க்கு மேல் நின்றால் மட்டும் கொஞ்சம் கூட்டுவோம். சுண்ணாம்பு தேவைப்பட்டது, ஆனால் கொட்டக்கூடாது. ஒரேயடியாகப் போட்டால் பி.எச். தாவி மேலே போகும், கல்லாகவும் படியும். நெல்லுத் தண்ணீரில் புரதம் குறைவு, அதனால் அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை தானாக உண்டாவதும் குறைவு. கடைசி அறைத் தண்ணீரில் ஒரு பங்கைச் சின்ன மோட்டரால் முதல் அறைக்குத் திருப்பிவிட்ட பிறகு சுண்ணாம்புத் தேவை வெகுவாகக் குறைந்தது.

முழுச் சுமை எடுக்கக் கிட்டத்தட்ட மூன்று மாதமானது. அந்தக் காலம் ஆலைக்காரருக்குக் கடினமாக இருந்தது. காசு போட்டுக் கட்டியது குமிழி கூட விடாமல் கிடக்கிறதே என்று அவர் கேட்டபோதெல்லாம் பி.எச். தாளைக் காட்டினோம். தாளின் நிறம் மஞ்சளிலிருந்து பச்சைக்கு நகர்வதைக் கண்ணால் பார்த்ததுதான் அவரைப் பொறுமையாக வைத்திருந்தது.

தொட்டி புளித்தபோது

காலபோக உச்சத்தில் ஒரு தடவை மழை இருட்டிக்கொண்டு வந்தது. களத்தில் கிடந்த நெல்லைக் காப்பாற்ற, வந்த நெல் எல்லாவற்றையும் ஊறப்போட்டார்கள். சமன்தாங்கி நிரம்பியது, யாரோ வால்வை முழுதாகத் திறந்துவிட்டார்கள். அதே நாட்களில் ஊறல் தொட்டிகளை வெளிற்றும் தூள் போட்டுக் கழுவிய தண்ணீரும் இதற்குள்ளேயே வந்தது. குளோரின் எந்தப் பற்றீரியாவையும் விட்டுவைக்காது. மூன்றாம் அறையின் பி.எச். 6க்குக் கீழே இறங்கியது. தாங்கியின் மெதேனில் எரிந்துகொண்டிருந்த அடுப்பு அணைந்தது. பழைய நாற்றம் திரும்பியது.

மீட்டது இப்படி: ஊறல் தண்ணீரை உள்ளே விடுவதை நிறுத்தி, கடைசி அறையிலிருந்து முதல் அறைக்குச் சுழற்சியை மட்டும் ஓடவிட்டோம். சுண்ணாம்புப் பாலைச் சிறுகச் சிறுகச் சேர்த்து பி.எச். 7ஐத் தொடும் வரை காத்திருந்தோம். பிறகு கால் பங்கு, அரைப் பங்கு, முழுப் பங்கு. நான்கு அறைப் பிரிப்பின் பலன் அப்போதுதான் தெரிந்தது. கடைசி அறையில் சல்லியில் ஒட்டியிருந்த கூட்டம் தப்பியிருந்ததால், மூன்று மாதம் எடுத்த வேலை மூன்று கிழமைக்குள் திரும்பியது. வால்வுக்கு இப்போது பூட்டு. தூள் போட்டுக் கழுவும் தண்ணீருக்குத் தனிக் குழி.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூடிய அறைக்குள் யாரும் இறங்கக்கூடாது, எட்டிப் பார்க்கத் தலையை நீட்டவும் கூடாது. ஐதரசன் சல்பைட்டு கூடும்போது மூக்கு மரத்துவிடும், மணம் இல்லையே என்று நம்பி இறங்கியவர் ஏறி வரமாட்டார். காப்பாற்ற இறங்குபவரும் அப்படியே. அறை மூடிகளுக்கும் பூட்டுப் போட வைத்தோம். இதில் மட்டும் விட்டுக்கொடுப்பே இல்லை.

வெளியே வந்த தண்ணீர்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகள் இரண்டு வேறு வரம்பு வைக்கின்றன. ஆறு, வாய்க்கால் போன்ற உள்நாட்டு நீருக்குள் விடுவதென்றால் பி.ஓ.டி. லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, சி.ஓ.டி. 250ஐ. பயிருக்குப் பாய்ச்சுவதென்றால் பி.ஓ.டி. 250, சி.ஓ.டி. 400 வரை போகலாம். ஆலைக்காரர்கள் பலருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. 30ஐ எட்ட முடியாது என்று மலைத்து ஒன்றுமே செய்யாமல் விடுகிறார்கள்.

இந்த ஆலையின் தண்ணீர் சம்புப் படுக்கையைத் தாண்டிய பின் பயிருக்கான வரம்புக்குள் வசதியாக வந்தது. 30ஐ உச்சக் காலத்தில் எட்டவில்லை, சுமை குறைந்த மாதங்களில் மட்டும் நெருங்கியது. ஆகவே வாய்க்காலுக்கான வாயைச் சீமெந்தால் அடைத்து, தண்ணீரைக் கோ-3 என்ற மாட்டுத்தீவனப் புல்லுக்கும் தென்னைக்கும் திருப்பினார்கள். அறுவடைக் காலம் வரண்ட காலமாகவும் இருப்பது இங்கே வாய்ப்பாக அமைந்தது. தவிட்டிலிருந்து வந்த பொசுபரசைப் பற்றீரியா பெரும்பாலும் தொடுவதில்லை. வாய்க்காலில் அது பாசியை வளர்க்கும், புல்லுக்கு அது பசளை. தேயிலைச் சாயம் போன்ற நிறமும் போகவில்லை. உமியின் நிறச்சத்தைத் தின்பது பற்றீரியாவுக்குக் கடினம். நிறத்தைப் பார்த்து "இன்னும் அழுக்குத்தானே" என்று கேட்டவர்களுக்கு இதை விளக்க நேரம் செலவழித்தோம்.

பி.ஓ.டி. சோதனைக்குப் போத்தல் நிறைய, காற்றுக் குமிழி இல்லாமல் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் ஆய்வுகூடத்தில் கொடுக்க வேண்டும். வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டியில் போன தண்ணீர் வழியிலேயே பாதி மாறிவிடும், அந்த அறிக்கையால் பயனில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. சுற்றிலும் இத்தனை ஆலைகள். இந்த அளவைகளை மாணவர்கள் போகத்துக்குப் போகம் தொடர்ந்து எடுத்தால் வன்னிக்கென்று சொந்த எண்கள் கிடைக்கும் என்பது என் பெரிய ஆசை.

மெதேனைப் பற்றிப் பலரும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். ஒரு கிலோ சி.ஓ.டி. போனால் 350 லீற்றர் மெதேன். 12 கிலோவில் 8 கிலோ போனால் நாளுக்கு 3 கனமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு பங்கு தண்ணீரில் கரைந்தும் போகும். வீட்டுச் சிலிண்டர் ஒன்றின் சூட்டை ஆறு நாளில் தரும் அளவு. தொழிலாளருக்குத் தேநீரும் சோறும் ஆகின்றன, நல்லது. வாயுவுக்காக மட்டும் இதைக் கட்டப் போகிறவருக்கு வேண்டாம் என்றே சொல்வேன். சும்மா விட்டால் காற்றைச் சூடாக்கும் வாயு என்பதால் எரிக்கத்தான் வேண்டும்.

ஊறல் இல்லாத மாதங்களில் தாங்கியின் நீர்மட்டம் பார்த்து, குறைந்தால் கிணற்றுத் தண்ணீர் விடுகிறார்கள். கிழமைக்கு ஒரு தடவை குறுணல் கஞ்சி கொஞ்சமும் சாணக் கரைசலும். சம்புக்கு ஆலையின் குளிப்புத் தண்ணீர். அடிச்சேற்றை இடைவெளிக்கு முன் முழுவதும் அள்ளக்கூடாது, போகம் முடியும் தறுவாயில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக் காயவைத்துத் தென்னைக்குப் போடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அக்காவின் கிணறு உடனே தெளியவில்லை. நிலத்துக்குள் போனது கழுவுப்பட ஒரு மாரி வேண்டியிருந்தது. இறைத்து, மழைக்குப் பிறகு பார்த்தபோது துணியில் துரு ஏறுவது குறைந்திருந்தது. குடிக்க இன்னும் வேறு தண்ணீர்தான் எடுக்கிறார், அதுதான் சரியும் கூட.

ஆலையைப் பார்த்துவிட்டுப் போன, வவுனியாப் பக்கம் தயிர் போடும் ஒருவர் இதே வரைபடத்தைக் கேட்டார். கொடுக்கவில்லை. பாலின் சி.ஓ.டி. லீற்றருக்கு ஏறத்தாழ 2 இலட்சம் மில்லிகிராம். இந்த ஆலையின் 4000 லீற்றர் ஊறல் தண்ணீரில் இருக்கும் சுமை 60 லீற்றர் பாலிலேயே இருக்கிறது. கொழுப்பும் சேர்ந்து வருவதால் முதல் அறைக்கு முன் கொழுப்புப் பொறி வேண்டும், புளிக்கும் வேகமும் அதிகம். கழுவும்போது எவ்வளவு பால் தண்ணீரோடு போகிறது என்று ஒரு கிழமை வாளியால் அளந்து எழுதி வரச் சொல்லியிருக்கிறோம். சட்டியிலும் கானிலும் ஒட்டியிருப்பதை முதலில் வழித்தெடுத்து மாட்டுக்கு வைத்தால் அவருக்குத் தேவைப்படும் தாங்கி பாதியாகக் குறையக்கூடும்.